அட்ஜஸ்ட் பண்ணிட்டன்

கண்டியில் தங்கிப் படிக்கிற மகள் நேற்றுப் பின்னேரம் வீடியோவில் கதைத்தாள். அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிட்டன் வாப்பா" என்றாள். கையில் இருந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். ஒரு சொல்லுக்கா என்று நீங்கள் சிரிப்பீர்கள். என் மனைவியும் சிரித்தாள்.

எனக்கு அந்தச் சொல் பெற்றோல் மணத்தோடுதான் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே குடிவந்தார் மச்சான். கல்முனையில் ஒரு மோட்டர் சைக்கிள் கராஜில் அவருக்கு வேலை. ஒரு திருகாணியைக் கால் சுற்றுச் சுற்றுவார். இருமிக்கொண்டிருந்த என்ஜின் அமைதியாகும். "அட்ஜஸ்ட்!" என்பார். பத்து நாளில் வீடு முழுக்க அந்தச் சொல்தான். உப்புக் கூடிய ஆணத்தை உம்மா தேங்காய்ப்பால் விட்டு அட்ஜஸ்ட் பண்ணினார். புதுத் தம்பதிக்கு அறையைக் கொடுத்துவிட்ட என் வாப்பா, நெல் மூட்டைகளுக்கு நடுவே பாயை அட்ஜஸ்ட் பண்ணிப் படுத்தார்.

வாப்பாவுடைய அட்ஜஸ்ட் எனக்குள் இடித்தது. மூட்டைகள் நகரவில்லை, வாப்பாதான் குறுகியிருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிற சேரிடம் அர்த்தம் கேட்டேன்.

"சரியாக்கிறதும் அதுதான், சரியில்லாததோட ஒத்துப்போறதும் அதுதான்."

"அப்ப எது எண்டு எப்பிடி சேர் தெரியும்?"

"சோதினையில ரெண்டையும் எழுதிப் போடு, போ."

மச்சான் சவூதிக்கு வேலைக்குப் போனார். மாதம் ஒரு கடிதம் வரும். வீட்டில் எல்லாருக்கும் கேட்க உரக்க வாசிப்பது நான். ஐந்தாவது கடிதத்தில் எழுத்து மாறியிருந்தது. வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற எழுத்து, இடப்பக்கம் சரிந்து கிடந்தது. "வேலையை அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன், யோசிக்க வேண்டாம்" என்று இருந்தது.

"இது மச்சான்ட எழுத்தில்லையே" என்று சொன்னது என் வாய்தான். உம்மா பிடித்துக்கொண்டார்.

"அங்க ஒருத்தி இரிக்காள். அவள்தான் எழுதுறாள்."

"சவூதிக்காரிக்குத் தமிழ் தெரியுமா உம்மா?"

"பழகியிரிப்பாள்! இல்லாட்டி ஏன் இந்தக் கோணல்?"

ராத்தா சிரித்தாள். ஆனால் அன்றோடு பதில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகும் ஆறு கடிதங்கள் வந்தன, உறையில் விலாசமெல்லாம் அதே கோணல். அவள் ஒன்றையும் பிரிக்க விடவில்லை. துப்புக் கண்டுபிடித்தவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் நடுப்பகல், லுஹர் பாங்கு சொல்கிற நேரம் மச்சான் வாசலில் நின்றார். வலக்கை கால்சட்டைப் பைக்குள். ராத்தா முகம் கொடுக்கவில்லை.

"ஆர் உங்களுக்குக் கடிதம் எழுதித் தந்த?"

அவர் கையை வெளியே எடுத்தார். பெருவிரலும் சின்னவிரலும் மட்டும் இருந்தன.

"இடக்கையால நான்தான் புள்ள எழுதின. மத்தது மெசினுக்குள்ள போயிட்டு. அட்ஜஸ்ட் பண்ணிட்டன் எண்டு எழுதினன்தானே."

உம்மா தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போய்விட்டார். எழுத்தைச் சந்தேகப்பட்ட எனக்கு, இரண்டு அர்த்தம் தெரிந்திருந்தும், சொல்லைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. பிரிக்காத அந்த ஆறு கடிதங்களையும் ராத்தா அன்று அவருக்கு முன்னாலேயே பிரித்தாள்.

இப்போது மச்சான் இல்லை. கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. கடிதமும் போயிற்று. போனில் வருகிற எழுத்து, எந்தக் கையால் எழுதினாலும் நேராகத்தான் நிற்கிறது.

அதனால்தான் நேற்று, "கையக் காட்டு மகள்" என்றேன்.

"என்ன வாப்பா இது!" சிரித்துக்கொண்டே ஒரு கையைக் காட்டினாள்.

"மத்தது?"

"அதாலதானே போனப் பிடிச்சிரிக்கன்."