சிறுகோளுக்காக விழுந்த அடி

அவன் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் சுத்தியல் இருந்தது. கீழே கடையில் தொங்கியதைத்தான் எடுத்திருந்தான். விலைச்சீட்டு இன்னும் பிடியில் ஒட்டியிருந்தது.

கடை சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையில், என் நண்பர் பாயுடையது. ஆணி, பூட்டு, குழாய், பெயின்ட் எல்லாம் விற்பார். அதன் மாடி அறையில் சனிக்கிழமை காலைகளில் நானும் பாயும் சிறுகோள்களை அளப்போம். நான் உயர்நிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். அவருக்கு வானம் என்றால் பைத்தியம். சிங்கப்பூர் வானத்தில் விளக்கு வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியாது என்பதால், சிலி நாட்டுப் பாலைவனத்தில் ஒரு தொலைநோக்கியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். நமக்குக் காலை என்றால் அங்கே இரவு. வானத்தின் ஒரே மூலையைச் சில நிமிட இடைவெளிகளில் எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால், அசையாத நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் நகரும். அதன் இடத்தை அளந்து அனுப்புவோம். பல நாடுகளிலிருந்தும் இப்படி வரும் அளவுகளைச் சேர்த்துத்தான் ஒரு சிறுகோளின் பாதையைக் கணிக்கிறார்கள்.

அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள், சில ஆண்டுகள் கழித்துப் பூமியில் மோதக்கூடும் என்று செய்தி வந்திருந்தது. வாய்ப்பு மிகச் சிறியது. பொங்கோலில் நான் குடியிருக்கும் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், போனேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன், நாற்பது வயது இருக்கும், கை தூக்கினான்.

“டீச்சர், இந்தப் பர்சென்ட் இன்னும் ஏறுமா?”

“கொஞ்ச நாளைக்கு ஏறலாம். பயப்பட வேண்டாம்,” என்றேன். கல் எங்கே வரக்கூடும் என்பது முதலில் ஒரு நீண்ட பட்டை. அளவுகள் சேரச் சேர அந்தப் பட்டை சுருங்கும். சுருங்கிய பட்டைக்குள் பூமி இருக்கும்வரை சதவிகிதம் ஏறும். பூமி பட்டைக்கு வெளியே போய்விட்டால் ஒரேயடியாக இறங்கிவிடும். இதைப் பலகையில் வரைந்து காட்டினேன். சனிக்கிழமைகளில் பாய் கடை மாடியில் நாங்கள் அளப்பதையும் சொன்னேன்.

“அப்ப ஏறும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்,” என்றான் அவன். கவனமாகக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் சதவிகிதம் ஏறியது. எல்லார் கைப்பேசியிலும் அதுதான் பேச்சு. அந்தச் சனிக்கிழமைதான் அவன் சுத்தியலோடு மாடிக்கு வந்தான்.

“மறைக்கிறீங்க. எப்ப விழும்னு சொல்லுங்க,” என்றான்.

பாய் எழுந்தார். “தம்பி, அதைக் கீழ வைங்க. உக்காந்து பேசலாம் லா.”

முதல் அடி கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. இரண்டாவது, தடுக்க வந்த பாயின் வலது தோளில். எலும்பு முறியும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாய் கத்தவில்லை. “யா அல்லாஹ்” என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்தார். அவன் மூன்றாவது முறை ஓங்கினான், இந்த முறை தலைக்கு. நான் அந்தக் கையில் தொங்கி மணிக்கட்டைக் கடித்தேன். தோல் கிழிந்து வாயில் உப்பும் இரும்புமாக ரத்தம் வந்தது. அவன் இடது கையால் என் முகத்தில் குத்தினான். மேல்பல் ஒன்று உடைந்தது. அப்போதும் நான் கடியை விடவில்லை. சுத்தியல் கீழே விழுந்த பிறகும் கடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கடைப் பணியாளர் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார். நான் அவன் கால்களின்மேல் உட்கார்ந்தேன். போலீஸ் வரும்வரை அவன் தரையில் முகத்தைத் தேய்த்தபடி, “எல்லாரும் சாகப்போறோம், சொல்ல மாட்டேங்கறாங்க,” என்று அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் அசைந்தபோதெல்லாம் முழங்கையால் தொடையில் இடித்தேன். தேவையே இல்லாதபோதும் ஒருமுறை இடித்தேன்.

மருத்துவமனையில் பாயின் தோளில் தகடு வைத்தார்கள். நான் வாயில் பஞ்சோடு வெளியே காத்திருந்தேன். நான் அந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்திருந்தால், ‘ஏறலாம்’ என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று மனம் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெண் வந்து அருகில் நின்றாள். அவனுடைய மனைவி. மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். நான் நினைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டினாள். பழைய அடித்தடங்கள், கன்றி மஞ்சளானவை, அவற்றின்மேல் புதியவை.

“கல்யாணமான புதுசுலேருந்து அடிக்கிறாரு டீச்சர். சோறு குழைஞ்சா அடி, போன் எடுக்கலன்னா அடி. இந்த மாசம் கல்லைச் சொல்லி அடிச்சாரு, அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் பண்ணல.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“இன்னைக்குத்தான் சொன்னேன். உள்ள இருக்காருல்ல.”

பாயிடம் இதைச் சொன்னேன். கட்டுப்போட்ட தோளோடு எழுந்து உட்கார முயன்றார். பிறகு, “அந்தப் பொண்ணுக்கு இப்ப தங்க இடம் இருக்கா, கேளுங்க,” என்றார். பாசிர் ரிஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். போனாள். அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அந்தச் சிறுகோளைப் பெரிய தொலைநோக்கிகள் பின்தொடர்ந்தன. பாதை தெளிவாகி, மோதும் வாய்ப்பு இல்லை என்று ஆனது. நாங்கள் அனுப்பிய சில அளவுகளும் அந்தக் கணக்கில் இருந்தன. செய்தி வந்த நாளில் பாய் இன்னும் சட்டைப் பொத்தானைத் தானே போடமுடியாத நிலையில் இருந்தார். படித்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ்,” என்று இறைவனுக்கு நன்றி சொன்னார்.

வழக்கில் அவனுக்குச் சிறையும் பிரம்படியும் விதித்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே அவன் மனைவி தன் அக்காவோடு நின்றிருந்தாள்.

“அவருக்கு எத்தனை அடின்னு கணக்கா சொன்னாங்க,” என்றாள். “என்னோடதை யாரும் எண்ணல.”

அக்கா அவள் கையைப் பிடித்து டாக்சியில் ஏற்றினாள். பாய் தலைகுனிந்து நின்றார். அவன் உடம்பில் பிரம்பு விழுவதை நினைத்துப் பார்த்தேன். மனது ஆறும் என்று எதிர்பார்த்தேன். ஆறவில்லை; அன்று தேவையே இல்லாமல் அவனை இடித்த என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.