பதினான்கு டிரம் தண்ணீர்

2005 மழையில் எங்கள் உப்பளத்துக்குப் போகும் ஒரே சாலை பன்னிரண்டு அடி நீளத்துக்கு இடிந்து விழுந்தது. லாரி வர வழியில்லாமல் உப்பு குவியலாகக் கிடந்தது. ஒருவழியாகக் கம்பி கட்டி கான்கிரீட் போட வந்தார்கள். மேஸ்திரி பக்கத்து வாய்க்கால் தண்ணீரை டிரம்மில் நிரப்பினார். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன், கரித்தது.

"ஏம்பா, இதை ஊத்தினா கம்பி துருப்பிடிச்சிடும். அடுத்த மழைக்கே ரோடு மறுபடியும் படுத்துடும்."

"நீங்க பொறந்ததுல இருந்து உப்புலதான் இருக்கீங்க சார். இடிஞ்சா போயிட்டீங்க?"

ஜல்லி சுமந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரு தம்ளர் மொண்டு அவரிடம் நீட்டினேன். "குடிச்சிட்டுக் கலக்குப்பா."

ஒரு வாய் குடித்துத் துப்பியவர், பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து நல்ல தண்ணீர் வரவழைத்தார். ஆனால் ஒவ்வொரு டிரம்மையும் நான் குடித்துப் பார்த்துச் சொன்னால்தான் கலவை போடுவதாகப் பிடிவாதம் பிடித்தார். பதினான்கு டிரம், பதினான்கு தம்ளர். மறுமாதம் உப்பு லாரி அந்த இடத்தைக் குலுங்காமல் கடந்தது. கலவை போட்ட அன்று நான்தான் ஒன்பது முறை வரப்போரம் ஒன்றுக்கு ஓடினேன்.