கனத்த துணி கொடுத்துப் பார்த்த காது

‘காது’ என்ற பெயர் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது, தங்கை மகளுக்கு வரன் பேசிய அன்றுதான். மாப்பிள்ளை தையல் மெஷின் மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பட்டப்பெயர் என்றார்கள்.

அவருக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டென்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மனைவி பாட, படுக்கையறையிலேயே பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். அவர் அனுப்பிய பாட்டை ஒரு நாடகக் குழு இரண்டு முறை திருப்பி அனுப்பியது. கம்ப்யூட்டருக்குள் சுழலும் விசிறியின் இரைச்சல் குரலோடு சேர்ந்து வந்ததாம். இன்னொரு முறை இரைந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள்.

புதிய கம்ப்யூட்டர் வாங்க மனைவியோடு கடைக்குப் போனபோது, கூடவந்த மைத்துனன் கலர் விளக்கு மின்னும் பெட்டியிலேயே கண்ணாக இருந்தான்.

“சத்தமே இல்ல அத்தான், இதையே எடுங்க.”

“சும்மா நிக்கிற மெஷின் எது மச்சான் கத்தும்? கனத்த துணியக் கொடுத்தாத்தான் தெரியும்.”

நாற்பது வாத்தியம் சேர்த்த தன் பாட்டை அதிலும் மூலையில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியிலும் ஓட்டச் சொல்லி, மண்டியிட்டுக் காதை வைத்தார்.

“அக்கா, அத்தான் பெட்டிக்கு நாடி பாக்குறாரு!”

“பாக்கட்டும்டா. பாடப்போறவ நான். கூடப் பாட இன்னொருத்தி வேணாம்.”

கால் மணி நேரத்தில் மின்னிய பெட்டி மிக்ஸியாய் அலறியது. கறுப்புப் பெட்டி மூச்சுக் காட்டவில்லை. மைத்துனனே அதைத் தூக்கி வந்தான்.

மூன்றாவது முறை அனுப்பிய பாட்டு திரும்பி வரவேயில்லை. இப்போது அந்தக் குழுவின் எல்லா நாடகங்களுக்கும் அவர்தான் இசை. பகலில் மெஷின் கடையில் இருக்கிறார்.