தோளில் சொன்ன சத்தங்கள்

எனக்கு வண்டிச் சவாரிமேல் தீராத ஆசை என்றுதான் என் புகுந்த வீட்டார் அந்நாளில் நம்பினார்கள். சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் என் கணவர் அருளப்பன் பட்டறை வைத்திருந்தார். எந்த வண்டி வந்தாலும், ட்ரையல் பார்க்க அவர் கிளம்பும்போது நானும் ஏறிக்கொள்வேன். "அண்ணிக்கு வண்டி சத்தம் கேட்டாப் போதும், அடுப்புல சோறு தீஞ்சாலும் தெரியாது" என்பாள் என் நாத்தனார். நான் மறுத்ததில்லை. அந்த நம்பிக்கை எங்களுக்கு வசதியாக இருந்தது.

உண்மை வேறு. ராணுவப் பட்டறையில் இன்ஜின்களுக்கு நடுவே வேலை பார்த்த காலத்தில் அவருடைய காது பழுதாகிவிட்டது. பக்கத்தில் இருந்து பேசினால் புரியும். கனத்த ஓசைகளும் கேட்கும். விசில், கீச்சொலி, பல்சக்கரத்தின் மெல்லிய ஊளை இவையெல்லாம் அவரை எட்டுவதே இல்லை. சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் தொழில். இது வெளியே தெரிந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அவர் அஞ்சினார்.

ஆகவே இருவரும் ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டோம். அவர் ஓட்டுவார், நான் பின்னால் அமர்ந்து அவர் தோளில் கை வைத்திருப்பேன். ஊளைச் சத்தம் என்றால் விரலால் தேய்ப்பேன். பேரிங் அல்லது அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் என்று அவர் புரிந்துகொள்வார். டிக் டிக் என்றால் அதே வேகத்தில் தட்டுவேன். அது பெரும்பாலும் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டு, அதாவது கிராஸ். மற்றதை அவருடைய கையும் அனுபவமும் பார்த்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் எங்களை அன்னியோன்னியமான தம்பதி என்று நினைத்தார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை.

எழுபதுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த சமயத்தில், சேரப்பணஞ்சேரி கோதண்டம் தம்முடைய ஜீப்பைக் கொண்டுவந்தார். ராணுவம் கழித்துவிட்ட பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி; தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும். கழனியிலிருந்து காய்கறி மூட்டைகளை ரோட்டுக்குக் கொண்டுவர அதை விட்டால் அவருக்கு வேறு கதியில்லை.

"அண்ணே, மூணு பட்டறை பாத்துட்டேன். ஒருத்தன் கிராஸை மாத்துன்னான், மாத்தினேன். இன்னொருத்தன் கியர்பாக்ஸே போச்சுன்றான். கழனில ஓட்டினா கம்முனு கீது, ரோட்டுக்கு வந்தா ஒப்பாரி வெக்குது. நீயும் கைய விரிச்சீன்னா காயலாங்கடைலதான் தள்ளணும்."

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கோதண்டம் பக்கத்தில் உட்கார, நான் வழக்கம்போல் பின்னால் ஏறினேன்.

"அண்ணி எதுக்கு? பின்னால ஸ்பிரிங் செத்துக் கெடக்குது, முதுகு போயிடும்" என்றார் கோதண்டம்.

"பழக்கந்தான்" என்றேன்.

ஊரைத் தாண்டிய முதல் வளைவில் ஸ்டியரிங் கனத்தது. என் கணவரின் தோள் இறுகியதிலேயே எனக்குத் தெரிந்தது. அடியில் 'டக்' என்று ஓர் அடி விழுந்தது. அது அவருக்கே கேட்டது.

"டிரான்ஸ்ஃபர் கேஸ்ல பல்லு போயிருக்கு. இறக்கணும்" என்றார். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி அது.

"அப்ப காயலாங்கடைதான்னு சொல்லு" என்று கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கேட்டது வேறு. அந்த 'டக்' விழுவதற்கு முன்னால் முன் டயர்கள் கீச்சிட்டன. அடுத்த வளைவிலும் அப்படியே. முதலில் கீச்சு, பிறகு அடி. நேர்ச்சாலையில் கீச்சே இல்லை. ஆனால் டயருக்கு எங்கள் தோள் மொழியில் அடையாளம் கிடையாது. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று இருவருக்குமே தோன்றியதில்லை. தேய்த்தேன், தட்டினேன். அவர் குழம்பிப்போய், "பேரிங்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"யாரக் கேக்குற?" கோதண்டம் திரும்பினார். "அண்ணி இன்னாத்துக்கு உன்னத் தட்டிக்கினே வருது?"

நான் பேசாமல் இருந்தால் கோதண்டத்தின் வண்டி போகும். பேசினால் எங்கள் பிழைப்பு போகும். இருந்தும், குனிந்து என் கணவரின் காதருகே உரக்கச் சொன்னேன். "வளையும்போது முன் டயர் கீச்சுங்குது. அதுக்கப்புறந்தான் டக்குங்குது."

"ஆமா, எனக்கே கேக்குதே. அண்ணனுக்குக் கேக்கலியா?"

என் கணவர் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார். "கேக்காது கோதண்டம். கீச்சு சத்தம் எதுவும் எனக்குக் கேக்காது. அதுக்குத்தான் இவ வர்றா."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரோ அதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டார். கியர் லீவருக்குப் பக்கத்தில், முன் சக்கரங்களையும் இன்ஜினோடு பூட்டும் சின்ன லீவரைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை.

"முன் வீலுக்கு இதை எப்ப போட்ட?"

"மழைல சேத்துல மாட்டுனப்ப. அப்புறம் எடுக்கவே இல்ல. ரெண்டு மாடு இழுக்கறத நாலு மாடு இழுத்தா வண்டிக்கு லேசுதானே?"

என் கணவர் சிரித்துவிட்டார். "பின்னாடி ரெண்டும் புது டயரு. முன்னாடி?"

"அது மொட்டைதான். பாரம் பின்னாடிதானே ஏத்துறேன்."

சேற்றில் சக்கரம் வழுக்கிக் கொடுக்கும்; தார்ச்சாலையில் கொடுக்காது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். தேய்ந்த டயர் என்றால் சுற்றளவு குறைந்து இன்னும் அதிகமாகச் சுற்ற வேண்டும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்தால் ஷாஃப்டுகள் பிழிந்த துணிபோல முறுக்கேறி நிற்கும். முறுக்குத் தாங்காமல் டயர் கீச்சிட்டு வழுக்கும். முறுக்கு விடும்போது அடி விழும். உள்ளே எதுவும் உடைந்திருக்கவில்லை.

என் கணவர் ஜாக்கி வைத்து ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினார். தரையை விட்டதும், யாரும் தொடாமலே, அது வெடுக்கென்று கால் சுற்று சுற்றி நின்றது.

"இன்னாண்ணே, பேயி கீதா உள்ள?" கோதண்டம் பின்வாங்கினார்.

முறுக்கு அவிழ்ந்துவிட்டதால் லீவர் இப்போது ஒரு விரலுக்கு வந்தது. திரும்பும் வழியில் ஜீப் வாயே திறக்கவில்லை. என் கணவருக்கு அதுவும் போதவில்லை. லீவரை மறுபடி போட்டு ஒரு வளைவு ஓட்டிப் பார்த்தார். "கேட்டுச்சா?" என்றார் உரக்க.

"கேட்டுது" என்று நானும் கோதண்டமும் சேர்ந்தே சொன்னோம்.

"வெளிய சொல்லிடாதப்பா" என்று என் கணவர் கேட்டுக்கொண்டதற்கு, "நான் ஏண்ணே சொல்றேன்" என்றார் கோதண்டம். ஒரகடம் வரைக்கும் ஒரு டீக்கடை விடாமல் சொன்னார். பட்டறை மூடவில்லை. "அண்ணி உள்ள கீதா? இல்லாங்காட்டி நாளைக்கு வரேன்" என்று வண்டி கொண்டுவருகிறவர்கள் வாசலிலேயே கேட்கத் தொடங்கினார்கள்.

இன்று இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சத்தம் எப்போது வருகிறது என்று விசாரிப்பதுபோல், எப்போது வரவில்லை என்றும் விசாரியுங்கள். கழனியில் சத்தம் இல்லை என்று கோதண்டம் வந்தவுடனே விடையைச் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் அதைப் புலம்பல் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஜீப் அதன்பின் பல ஆண்டுகள் ஓடியது. என் கணவர் காலமாகியும் இப்போது வெகுகாலம் ஆகிறது. கோதண்டம் இருக்கிறார். நானும் இருக்கிறேன்.