அடுப்பறைக் கம்பியில் ஐந்து துணிகள்

என் மகள் கடையில் வாங்கும் நாப்கினை விட்டுவிட்டு, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினுக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. அதற்குக் காரணம் ஒரு காட்டுப்பன்றி. அரவேணுவில் எங்கள் வீட்டுக் குப்பைப் பையை அது ஒரு விடியற்காலையில் இழுத்துப்போய், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் கிழித்துப் பரப்பிவிட்டது. தோட்டக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் நானும் செடிகளுக்கு உரம் வைப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கலைந்தோம். மகள்தான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் பொறுக்கி வந்தாள். அந்த வாரமே கோத்தகிரியில் பெண்கள் சிலர் தைத்து விற்கும் துணி நாப்கின் ஆறு வாங்கினாள். பூப்போட்டவை. வெயிலில் காய்ந்தால்தான் நல்லது என்று வாசல் கொடியில், என் சட்டைகளுக்குப் பக்கத்திலேயே காயப்போடுகிறாள். மனைவி காலமான பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் அவள் வேலை செய்யும் வங்கியிலிருந்து ஃபோன் செய்தாள். அங்கே மழை தொடங்கிவிட்டது, கொடியில் இருப்பதை எடுத்து உள்ளே போடுங்கள் என்றாள். நான் சட்டைகளை எடுத்தேன், துண்டுகளை எடுத்தேன், தலையணை உறைகளை எடுத்தேன். அந்த ஆறை மட்டும் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். மாலையில் அவள் அவற்றைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா, தொட்டா கையில ஒட்டிக்குங்களா?"

அதில் கோபம் இல்லை. பெண் கல்வியைப் பற்றி ஆண்டுவிழா மேடைகளில் பேசிய தலைமையாசிரியர் அப்பா இவ்வளவுதானா என்ற கேலி இருந்தது. அவள் நினைத்தது சரியில்லை. ஆனால் சரியான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் ஒன்பதாவது வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்து இரண்டாவது ஆண்டு. கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று கிடைத்திருந்தது. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. தேயிலையைக் காயவைக்கும் டிரையருக்கு அனல் கொடுக்கும் அடுப்பறையில் விறகு போடுவார். கடைசியாக வந்த குடும்பத்துக்கு அந்த வேலை கிடைத்ததில் பழைய ஆட்கள் பலருக்கு மனத்தாங்கல் இருந்தது. குளிர்காலத்தில் அந்த எஸ்டேட்டிலேயே உடம்பு சூடாக இருக்கும் ஒரே வேலை அது.

அக்காவுக்குப் பதினைந்து வயது. எங்கள் லயங்களிலிருந்து கோத்தகிரி ஹைஸ்கூலுக்கு நடந்து போய்ப் படித்த பெண் அவள் ஒருத்திதான். அடுத்த பங்குனியில் பெரிய பரீட்சை. தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிடலாம் என்று அவளுடைய தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அக்கா டீச்சராவது எங்கள் வீட்டில் முடிவான விஷயம். அப்பா அதை ஃபேக்டரியில் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருந்தார் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஐப்பசி பிறந்தால் அந்தப் பக்கம் மழை விடாது. மழை நிற்கும் நேரத்தில் மேகம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி ஒரு வாரமானாலும் காயாது, நாற்றமெடுக்கும். அதற்கு எஸ்டேட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அடுப்பறையின் பின்சுவரில் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கைக்குழந்தைகளின் துணி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கம்பளி, இவற்றைக் காலையில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் மத்தியானத்துக்குள் சுடச்சுடக் காய்ந்துவிடும். ஃபேக்டரியை நடத்திய டீமேக்கர் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். பெரிய பெண்களின் துணி எதுவும் அங்கே போகக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அடுப்புக்கு மேலே ஒரு மாரியம்மன் படம் இருந்தது. தினமும் அதற்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் முதல் விறகு உள்ளே போகும்.

எங்கள் வீட்டு மூட்டையைச் சுமப்பது என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வாரத்தில் அக்கா காலை அகட்டி வைத்து நடந்தாள். வழியில் பையன்கள் அவளைப்போல நடந்து காட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வியாழக்கிழமை மாலை அவள் அம்மாவிடம் அழுதது சமையல் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது.

"காயவே மாட்டேங்குதும்மா. ஈரத்தோடயே வச்சுக்கிட்டுப் போறேன். தொடையெல்லாம் புண்ணாப் போச்சு. நாளைக்கு நடக்க ஏலாது."

"நாங்கல்லாம் இதோட மலையேறலையா? வெறகுக்குப் பின்னால போடு. அப்பா கண்ணுல பட்டுறப் போகுது."

எனக்கு விளங்கியது ஒன்றுதான். அக்காவின் துணி காயவில்லை, அதனால் அவளால் நடக்க முடியவில்லை. எஸ்டேட்டிலேயே துணி காயும் மிகச் சிறந்த இடத்துக்குத் தினமும் போய்வருகிற என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா எப்படியோ நடந்து பள்ளிக்குப் போய்விட்டாள். அம்மா பிரட்டுக்குப் போய்விட்டாள், அங்கே பேர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. நான் விறகு அடுக்குக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி ஐந்து துணிகளை எடுத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட சேலையிலிருந்து கிழித்து நான்காக மடித்தவை. கப்பலில் வரும்போது அம்மா கட்டியிருந்த சேலை அது. என் யூனிஃபார்மோடு சேர்த்து முடிந்து எடுத்துப் போனேன். அப்பா அடுப்பின் முன்வாயில் குனிந்திருந்தார். நான் ஒரு விறகுக் கட்டையின்மேல் ஏறி நின்று ஐந்தையும் விரித்துக் கம்பியில் வரிசையாகப் போட்டேன். யூனிஃபார்முக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து துணி எடுக்கப் போனபோது ஃபேக்டரிக்கு வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். உள்ளே இயந்திரச் சத்தம் இல்லை. அப்பாவுக்கு அடுத்த ஷிஃப்டில் விறகு போட வந்த ஆள் கம்பியைப் பார்த்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவரைப் பார்த்து மற்றவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். விறகில்லாமல் அனல் இறங்கிக்கொண்டிருந்தது. டிரையருக்குள் போன தூள் பாதி வெந்த நிலையில் கெட்டுப்போகும் என்று டீமேக்கர் கத்தினார். அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் கரையை அவர் அடையாளம் கண்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் டீமேக்கர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஓரத்தில் தொங்கிய யூனிஃபார்ம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் துணிகளை எடுக்க ஆண்கள் யாரும் முன்வரவில்லை. அப்பாவும் வரவில்லை. சின்னப் பையன்தானே, இவனுக்குத் தீட்டில்லை, இவனே எடுத்து அடுப்பில் போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் கட்டையின்மேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐந்தும் நன்றாகக் காய்ந்திருந்தன, சூடாக இருந்தன. ஒவ்வொன்றாகவே அடுப்பில் போட்டேன். காய்ந்த துணி என்பதால் உடனே பிடித்துக்கொண்டது.

பிறகு டீமேக்கர் குனிந்து என்னிடம் கேட்டார்.

"பயப்படாமச் சொல்லு தம்பி. இதை யாரு உங்கிட்ட குடுத்துவுட்டது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். என்ன தவறு நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய தவறு என்று மட்டும் தெரிந்தது. அக்கா கெட்டிக்காரி, எதற்கும் பதில் வைத்திருப்பாள், அவள் பெயரைச் சொன்னால் அவள் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததாகத்தான் நான் நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அடி விழும் என்று பயந்தேன்.

"அக்கா" என்றேன்.

வெளியே நின்ற ஆட்களுக்கு இது போதுமானதாக இருந்தது. விறகு போட மாட்டேன் என்றவர் அப்பாவிடம் மிகவும் மரியாதையாகவே சொன்னார்.

"அதானுங்க பார்த்தேன். ஐஸ்கூல் போற புள்ளையில்லீங்களா. மாரியாத்தாளுக்கே பாடம் எடுக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, அடுப்பை மறுபடி மூட்டினார்கள். அப்பாவைக் கொழுந்துக் காட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டீமேக்கர். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அக்கா சாயங்காலம் நனைந்து வந்தாள். அவள் குடையை மடக்குவதற்குள் அப்பா கேட்டுவிட்டார். சத்தம் போடவில்லை.

"இவங்கிட்ட நீயா குடுத்துவுட்ட?"

எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா விறகு அடுக்கைப் பார்த்தாள். அக்காவும் அங்கே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட அதிக நேரம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாப்பா, நாந்தான்" என்றாள்.

அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா அடிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் அம்மாவோடு பிரட்டுக்குப் போ என்றார். பரீட்சைக்கு நாலு மாசந்தான் இருக்குப்பா என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அதை இரண்டாவது முறை சொல்லவில்லை.

அப்பாவைக் காட்டுக்கு மாற்றவில்லை. பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார் என்ற செய்தி ஃபேக்டரிக்குப் போனதும் எல்லோரும் சமாதானமானார்கள். அப்பா கெட்டவரில்லை. அந்த அடுப்பு போனால் நாங்கள் என்ன ஆவோம் என்று அவருக்குப் பயம். அவர் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். நடந்ததைச் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகள் இருந்தன. நான் ஹைஸ்கூல் படித்தேன், ஆசிரியர் பயிற்சி முடித்தேன், சம்பளம் வாங்கினேன், திருமணம் செய்துகொண்டேன். சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கு அன்றே தெரியும். அவள் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு இப்போது தேவர்சோலையில் மகன் வீட்டில் இருக்கிறாள். தீபாவளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முட்டி வலியைப் பற்றிப் பேசுவோம்.

அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒருமுறை. அது அந்த மழைக்காலம் முடிவதற்குள்ளேயே நடந்தது. அவள் வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம் இருக்கலாம். காலையில் அம்மா முன்னால் போய்விட்டாள். அக்கா இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்து மாட்டப் போனவள், அதைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னதற்கு இப்போது திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தம்பி, அந்தத் துணியெல்லாம் காஞ்சிருந்துச்சாடா?"

"காஞ்சிருந்துச்சுக்கா."

"நல்லாவா? மடிப்புக்குள்ளயுமா?"

"நல்லா. அப்பளம் மாதிரி. தொட்டா சுட்டுச்சு."

"அஞ்சுமா?"

அஞ்சும் என்றேன். அவள் என் கையை எடுத்து உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து கூடையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி, காலை அகட்டி வைத்து மெதுவாக மேட்டில் ஏறினாள். இவ்வளவுதான் கேட்டாள், கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு நான் சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.