ஒடுக்குக்குள் ஒரு பச்சைக் கோடு

ஆறு வருடமாக நான் செய்த கார்களில் ஒன்றுகூடப் பாஸாகவில்லை. இதை வெளியில் சொன்னால், ஐம்பத்து மூன்று வயதில் என்ன பரீட்சை என்று கேட்பார்கள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர்கள் அனுப்பும் கோப்புகளில் தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையை மூன்று பேர் எனக்குச் செய்தார்கள், சம்பளம் இல்லாமல், முழு மனதோடு.

நாங்கள் நாலு பேரும் உள்ளங்கையில் அடங்கும் கார்கள் செய்கிறவர்கள். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து ஒரு காரை முடிக்க எட்டு மாதம் ஆகும். யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கூடும் இடம் தருமபுரத்தில் ஒரு மாடியறை. அது எங்களில் ஒருவரான பல்செட் செய்பவருடைய பட்டறை. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து மூன்று மணிக்கு அவர் கதவைத் திறப்பார். சுற்றிலும் ஊராருடைய பற்கள் காய்ந்துகொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து நாங்கள் பம்பருக்கு உப்புத்தாள் போடுவோம்.

இரண்டாமவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பென்ஷனில் வாழ்பவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிச் சிலர் உண்டு. தப்பைக் கண்டால் தப்பு என்று சொல்ல மாட்டார். ‘நோன்’ என்பார். பிரெஞ்சில் அதற்கு இல்லை என்று அர்த்தமாம். அவர் சொல்லும் விதத்தில் அர்த்தம் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. மூன்றாமவர் கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வாரம் முழுக்க லாரி லாரியாக அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரல் நீளக் கதவுக்கு அடிப்பார். ஓய்வு என்றால் அதுதான் ஓய்வு என்பார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கார் முடித்துவிட்டால் சபை கூடும். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் காரை வைப்போம். மற்ற மூவரும் பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பார்கள். விரலால் தொடக் கூடாது, பல்குச்சியால்தான் சுட்டவேண்டும். கால் மணி நேரத்துக்குள் ஒரு தப்பும் அகப்படவில்லை என்றால் கார் பாஸ். அடிப்பாகத்தில் மூவரும் பென்சிலால் கையெழுத்துப் போடுவார்கள். தப்பு அகப்பட்டால் பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். பல்செட்காரருடைய ஏழு கார்கள் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. என் கார்கள் ஐந்தும் டின்னில் கிடந்தன.

முதல் ஜீப்பில் வைப்பர் எதிர்ப்பக்கமாகப் படுத்திருந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வேனில் சக்கரத்துக்கு ஒரு போல்ட் குறைவு. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாவதாகச் செய்த டாக்ஸியில் யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கால் மணி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பென்ஷன்காரர் குனிந்து அதை மோந்து பார்த்தார். பத்து வருடம் ஓடிய டாக்ஸி இப்படி நகப்பூச்சு வாசம் அடிக்காது என்றார். நோன். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள். டாக்ஸியில் வாசம் சரியில்லை என்றேன். அவள் வேறு எதுவும் கேட்காமல் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் என் சொந்தக் காரையே செய்வது என்று முடிவெடுத்தேன். பழைய வெள்ளைக் கார், சின்னது, பதினொரு வருடத்துக்கு முன் பழையதாகவே வாங்கியது. அதைப்பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. ஊருக்குள்ளேயே அசல் இருந்தால் சபை அந்த அசலுக்குப் பக்கத்தில்தான் கூடவேண்டும் என்பது எங்கள் விதி. அதாவது கோட்டுச்சேரியில் என் வீட்டு வாசலில். வரட்டும் என்று நினைத்தேன். தப்பு கண்டுபிடித்தால் அது என் காரிலும் இருக்குமே.

அந்தக் காரின் இடது பின்கதவில் ஓர் ஒடுக்கு. அதைப்பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கார் வாங்கிய மூன்றாம் நாள் காலையில் அலுவலகம் போக வண்டியைப் பின்னால் எடுத்தேன். எங்கள் கேட் தூணில் ஓர் இரும்புக் கொண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கதவு நன்றாகக் குத்திக்கொண்டது. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் மைத்துனர். இன்னும் ஒரு மாதம் பழகினால்தான் சரிவரும் என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். அன்று சாயங்காலம் காரைப் பார்க்க வருவதாக வேறு இருந்தார். நான் இறங்கிப் பார்த்தேன். மனைவி கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கதவில் ஒட்டியிருந்த கேட் பெயிண்டைத் தேய்த்துவிட்டு, சத்தம் போடாமல் கிளம்பிப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, கீழவாஞ்சூர் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன், நிலக்கரி லாரி ஒன்று உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று சொன்னேன்.

அன்றிலிருந்து என் மனைவிக்கு நிலக்கரி லாரி என்றாலே ஆகாது. ரோட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உறவுக்காரர்கள் வந்தால் ஒடுக்கைக் காட்டி லாரிக்காரர்களைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லித் தீர்ப்பாள். அவள் தங்கைக்கு ஒரு வரன் வந்தபோது, பையனுடைய அப்பாவுக்கு மூன்று நிலக்கரி லாரி ஓடுகிறது என்று தெரிந்ததும், எங்கள் வண்டியை இடித்தவர்கள் வீட்டில் பெண் கொடுப்பதா என்று ஒரே பிடியாக நின்று அதைத் தட்டிவிட்டாள். என் மாமனார் என்னிடம் வந்து, அந்த லாரியின் நம்பரை அப்போதே குறித்து வைத்திருந்தால் அது அவர்கள் லாரியா இல்லையா என்று தெளிவாகியிருக்குமே என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். எங்கள் பெயிண்டர் வீட்டுக்கு வந்தால் அவருக்கு மட்டும் டீ கடைசியாகத்தான் வரும். அவரும் லாரி இனத்தின் சார்பாகத் தலையைக் குனிந்து வாங்கிக் குடிப்பார்.

காரை எட்டு மாதம் செய்தேன். உடம்பைப் பல்செட் செய்யும் பிசினில் வார்த்துக் கொடுத்தார் பல்செட்காரர். பெயிண்ட் அடிக்கும் வரை அது ஈறு நிறத்தில் இருந்தது. பார்த்தால் சிரித்துவிடும்போல் இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். சக்கர வளைவுகளில் பூச நிஜமான நிலக்கரித் தூளைப் பெயிண்டர் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். வேட்டித் துணியில் அதை மூன்று முறை சலித்தேன். சீட்டில் மனைவி போட்டுவைக்கும் பூந்துவாலைகூட உண்டு. வாசத்துக்காக முடித்த காரை ஒரு வாரம் நிஜக் காருக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒடுக்குக்கு மட்டும் ஒரு மாதம் ஆனது. ஸ்பூன் காம்பைச் சூடாக்கி அழுத்தி, அளந்து, அடைத்து, மறுபடி அழுத்தினேன். பூதக்கண்ணாடியோடு வாசலில் குந்தி நிஜ ஒடுக்கைப் பார்த்தபோது, அதன் மடிப்புக்குள் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. கேட்டின் பெயிண்ட். அன்றைக்கு நான் தேய்த்ததில் தப்பித்து உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் பென்ஷன்காரர் கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயம் ஒன்றுதான் எனக்கு வந்தது. அந்தப் பச்சையை நாலு நாள் கலந்தேன். மனைவியின் சீப்பிலிருந்து ஒற்றை முடியை எடுத்துக் குச்சியில் கட்டி அந்தக் கோட்டை இழுத்தேன். எவ்வளவு பெரிய சாட்சியை என் கையாலேயே வரைகிறேன் என்று உறைக்கவே இல்லை. இவ்வளவு முட்டாள்தனத்துக்கு எட்டு மாதப் பயிற்சி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சபை. சனிக்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் வாசலில் என் கார் பளபளவென்று நிற்கிறது. இடது பின்கதவு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. அடுத்த வாரம் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம், இந்தக் கோலத்தில் போக முடியாது என்று என் மனைவி பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். லாரி இடித்தது, லாரிக்காரர்களே சரிபண்ணிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் மறுபேச்சில்லாமல் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். நாளை சபையில் உட்காரப்போகிற மனிதர். நான் கதவைத் தடவிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வழியாக விமோசனம் வந்தது என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்கு வாசலில் ஸ்டூல் போட்டு, டம்ளரைக் கவிழ்த்து, காரை வைத்தேன். பக்கத்தில் அசல். பல்செட்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாதிரியில் ஒடுக்கு இருக்கிறது, வண்டியில் இல்லை என்றார். பென்ஷன்காரர் வாயைத் திறப்பதற்குள், தப்பு வண்டியில்தான், மாதிரியில் இல்லை என்று நான் சொன்னேன். இதன்மேல் பத்து நிமிடம் விவாதம் நடந்தது. கடைசியில், நேற்றுவரை ஒடுக்கு இருந்தது என்று பெயிண்டர் சாட்சி சொன்னால் போதும் என்று முடிவானது. அவர் குனிந்து பார்த்து, இடம் சரி, ஆழம் சரி, கீழே இழுத்திருக்கும் கீறலும் சரி என்று சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது பென்ஷன்காரர் பல்குச்சியை நீட்டினார். ஒடுக்குக்குள் ஏதோ பச்சையாக இருக்கிறதே, நிலக்கரி லாரியில் ஏது பச்சை என்று கேட்டார். எல்லாரும் பெயிண்டரைப் பார்த்தோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் கவனிக்கலைங்க.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தூரத்தில் வரும் லாரியைப் பார்த்து அதன்மேல் எத்தனை கோட்டிங் என்று சொல்கிற ஆள். ஒடுக்கைத் தன் கையால் தட்டிய ஆள். கவனிக்கவில்லையாம். சாட்சி இல்லாத நிறம் தப்பு என்று பல்செட்காரர் சொல்லிவிட்டு, மெதுவாகப் பிஸ்கட் டின்னை எடுக்கப் பையில் கைவிட்டார். டின்னைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது.

“பச்சை இருந்துச்சு. அது எங்க வீட்டுக் கேட்டுப் பச்சை. நான்தான் கொண்டில இடிச்சேன். லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப சொல்லுங்க, கோடு சரியா தப்பா?”

சொல்லி முடித்த பிறகுதான் வாசற்படியைப் பார்த்தேன். என் மனைவி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

பல்செட்காரர் டின்னைப் பாதியில் பிடித்தபடி இருந்தார். பென்ஷன்காரர் மட்டும் கடமை தவறாதவர். திரும்பிக் கேட்டைப் பார்த்தார். அது இப்போது நீலம், இரண்டு வருடத்துக்கு முன் மாற்றி அடித்தது. பச்சைக்கு ஆதாரம் இல்லை என்று அவர் சொல்ல வருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. பல்செட்காரர் பையிலிருந்து பல் சுரண்டும் கம்பி ஒன்றை எடுத்து, கேட்டைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

என் மனைவி தட்டைப் படியில் வைத்தாள்.

“கேட்டைச் சுரண்ட வேண்டாங்க. கொண்டிக்கு அடிப்பக்கம் பாருங்க, பழைய பச்சை அப்புடியே இருக்கு. அதுல இவுங்க வண்டி வெள்ளையும் இருந்துச்சு. நான்தான் தேங்காநார் போட்டுத் தேய்ச்சேன்.”

பென்ஷன்காரர் காரை டம்ளரோடு தூக்கிக்கொண்டு தூணுக்கடியில் போய் மண்டியிட்டார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். பூதக்கண்ணாடி கை மாறியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அங்கிருந்து அவர் சொன்னது கேட்டது. நோன் அல்ல. “வுய்” என்றார், ஆமாம் என்று அர்த்தம். ஆறு வருடத்தில் என் கார் ஒன்றுக்கு அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறை கேட்டேன். மூன்று பேரும் தூணடியிலேயே உட்கார்ந்து பென்சிலால் கையெழுத்துப் போட்டார்கள். பெயிண்டர் எழுந்து வந்து, வேணும்னா அந்த ஒடுக்கைத் திரும்ப வைத்துத் தருகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். என் மனைவி வேண்டாம் என்று சொல்லி, அவருக்கு முதலில் டீயைக் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு வரன் விஷயத்தைக் கேட்டேன். தங்கைக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையாம், அப்பாவிடம் சொல்லப் பயந்து அழுதாளாம். ஒரு காரணம் தேவைப்பட்டதாம். உங்கள் லாரி உதவியது என்றாள். நான் எத்தனையோ கோப்புகளைப் படித்துத் திருப்பி அனுப்பியவன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் மனதில் இருந்ததில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

எதற்காகத் தேய்த்தாய் என்று கேட்டேன்.

“சாயங்காலம் எங்கண்ணன் வருதுல்ல. பாத்தா சிரிக்கும். நீங்க வந்தோன்ன, ‘ஒண்ணும் ஆவலை, பாத்துக்கலாம்’னு சொல்லலாம்னுதான் நின்னேன். நீங்க லாரியோட வந்தீங்க.”

பதினொரு வருடமாக ஏன் கேட்கவில்லை என்று என்னால் கேட்க முடியவில்லை. அவளே சொன்னாள்.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

கார் இப்போது எங்கள் கூடத்து ஷோகேஸில் இருக்கிறது. கீறல் விழுந்த தட்டு, காது உடைந்த யானை எல்லாவற்றையும் நல்ல பக்கம் முன்னால் தெரியும்படி வைப்பவள் என் மனைவி. காரை மட்டும் ஒடுக்கு விழுந்த இடது பக்கம் முன்னால் தெரிய வைத்திருக்கிறாள். விருந்தாளி வரும் நாளில் நான் அதைத் திருப்பி வைக்கிறேன். டீ கொண்டுவரும்போது அவள் பழையபடி வைத்துவிட்டுப் போகிறாள்.