பிளிம்மர் வீட்டு மேசையில் ஒரு பச்சை மூலை

லட்லோ ஊரில் ஒரு குடும்பத்தின் கண்ணியத்தை, தேவாலயத்தில் அது எந்த வரிசையில் உட்காருகிறது என்பதை வைத்து அளந்த காலம் ஒன்று இருந்ததாம். கெசியா டிப்டன் அங்கே சமையல்காரியாக வந்து சேர்ந்தபோது அந்தப் பொறுப்பை வெள்ளரிக்காய் ஊறுகாய் ஏற்றுக்கொண்டிருந்தது. வினிகரில் போட்ட பிஞ்சு வெள்ளரி பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் வீட்டில் கடன் இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாக இருந்தால் அது ஆடம்பரமே பாவம் என்று நினைக்கிற மெதடிஸ்ட் சபைக்காரர் வீடு.

கெசியா, கிளன் மலைப்பக்கம் வண்டிச்சக்கரம் செய்கிற ஒருவரின் மகள். சின்ன வயதில் பாத்திரம் தேய்க்கப் போனவள், அடுப்புக்கு அடுப்பு மாறி, நாற்பதை நெருங்கும்போது வக்கீல் பிளிம்மர் வீட்டு அடுக்களைக்கு ராணியாகிவிட்டாள். ராஜ்யம் என்னவோ தரைக்குக் கீழே இருந்தது. துணியில் கட்டி வேகவைக்கும் புட்டிங்கைக் கொதி அடங்காமல் பார்த்துக்கொள்வதிலும், உருக்கிய வெண்ணெய் திரியாமல் கிண்டுவதிலும் அவளை அடிக்க ஆள் இல்லை. ஆனால் தான் சமைத்ததை மனிதர்கள் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. மேலே சாப்பாட்டு அறைக்குச் சமையல்காரி போகிற வழக்கம் கிடையாது. விருந்துக்கு முதல் நாள் பிளிம்மர் அம்மாள் கீழே இறங்கி வந்து, அடுக்களை மேசையில் மாவைத் தூவி, விரலால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவாள். இங்கே கோழி என்றால் எதிரே கோழி. இந்த மூலையில் பச்சை என்றால் அந்த மூலையில் சிவப்பு. ஒரு பந்திக்கான தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேசை ஏறும், ஒரே நேரத்தில் இறங்கும்; அப்புறம்தான் அதே ஆட்களுக்கு அடுத்த பந்தி. நடுவில் ஒரு தட்டு இறங்க வேண்டுமானால் அதன் இடத்தில் இன்னொரு தட்டு உட்கார வேண்டும். கடவுள் உலகத்தைப் படைத்தபோதுகூட இவ்வளவு ஒழுங்கு பார்க்கவில்லை என்பது கெசியாவின் கருத்து.

அந்த ஆகஸ்டில் பிளிம்மர் அம்மாள், ஊரில் தனக்குப் போட்டியான கார்ஃபீல்ட் அம்மாள் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். தொப்பியைக் கழற்றாமல் நேராக அடுக்களைக்கு இறங்கினாள்.

"கெசியா, அவ வீட்டு வெள்ளரிக்காயப் பாத்தா கிளி தோத்துப்போகும். நம்ம வீட்டுது கிளிக்கூண்டு மாதிரி இருக்கு."

"பித்தளைச் சட்டில ஒரு கொதி விட்டு எடுத்தேம்மா. வழக்கமா அவ்வளவுதான்."

"வழக்கத்த யாரு கேட்டா? வினிகரோட அந்தச் சட்டிலயே ராத்திரி பூரா கெடக்கட்டும். கைப்பிடி செப்புக்காசும் போடு."

"காசையாம்மா?"

"ராஜா தலை போட்ட காசுடி. ராஜா தலையிலயா விஷம் இருக்கும்?"

ராஜாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வக்கீல் வீடு சரியான இடமில்லை. கெசியா போட்டாள். மறுநாள் மூடியைத் திறந்தால், இயற்கை இன்னும் கண்டுபிடிக்காத ஒரு பச்சை. ராஜாவின் முகமும் பச்சை. ஈயம் பூசாத பித்தளை, புளிப்பு, இரவு முழுக்க ஊறல் என்று ஏதோ ஒன்று அவள் மனசில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்ததும் பெருமை வந்து அந்த உறுத்தலை மூலையில் உட்காரவைத்துவிட்டது.

செப்டம்பர் கடைசியில் மிக்கேல் திருநாள் வந்தது. நாட்டில் உள்ள எல்லா வீடுகளிலும் வாத்து சுட்டுத் தின்னும் நாள். கார்ஃபீல்ட் அம்மாளுக்கு அழைப்பு போயிற்று. அழைப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. போருக்கு ஓலை போயிற்று என்பதே சரி.

காலையில் கெசியா வெள்ளரிக்காயை அதே பித்தளைச் சட்டியில் இன்னொரு தரம் சூடு காட்டி, மினுமினுப்பேற்றி, கண்ணாடித் தட்டில் அடுக்கினாள். அவசரத்தில் சட்டியைக் கழுவவில்லை. ஆட்டுக்கொழுப்பும் எலும்பும் அதிலேயே போட்டு நாய்க்கு வைத்தாள். நாயின் பெயர் நிம்ரோத். வேதாகமத்தில் பராக்கிரமசாலியான வேட்டைக்காரனுடைய பெயர். இந்த நிம்ரோத்துக்குக் கட்டைக்கால், நீள உடம்பு. சுவரில் மாட்டிய சக்கரக்கூண்டுக்குள் ஓடி, கணப்புக்கு முன்னால் கம்பியில் குத்திய இறைச்சியைச் சுற்றுவது அதன் உத்தியோகம். ஆயுள் முழுக்க ஓடியும் அது ஒரு வாத்தையும் பிடித்ததில்லை.

மூன்று மணிக்கு முதல் பந்தி மேசை ஏறியது. பச்சை மூலை, சிவப்பு மூலை, நடுவில் புட்டிங் எல்லாம் போயாயிற்று. கீழே இரண்டாம் பந்திக்கான வாத்து கம்பியில் சுழன்றுகொண்டிருந்தது. சக்கரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓடவில்லை.

"இப்ப பாத்தா வேலைநிறுத்தம்?" என்று திட்டிக்கொண்டே கரண்டியோடு திரும்பினாள் கெசியா.

நிம்ரோத் கூண்டுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. கால்கள் வெட்டிக்கொண்டிருந்தன. கீழே கல்தரையில் பச்சை நுரை.

அவள் நாயைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். சுவரோரம் நக்கித் துடைத்திருந்த பித்தளைச் சட்டியைப் பார்த்தாள். அதன் விளிம்பில், நாக்கு எட்டாத இடத்தில், களிம்பு நீலப்பச்சையாகப் பூத்திருந்தது. எஜமானனையோ எஜமானியையோ கொன்ற வேலைக்காரிக்கு அந்த நாட்டில் வெறும் தூக்கு கிடையாது. கம்பத்தில் கட்டி நெருப்பு வைப்பார்கள். அந்தக் கதையைச் சந்தையில் பாட்டாகப் பாடி விற்பதைச் சிறுமியாக இருக்கும்போது அவள் கேட்டிருக்கிறாள். ராகம்கூட நினைவிருந்தது.

வாத்தின் ஒரு பக்கம் கருகத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் காலி சூப்புக் கிண்ணத்தோடு ஜேபஸ் இறங்கி வந்தான். பரிமாறுகிறவன், குதிரைக்காரன், தோட்டக்காரன் மூன்றும் அவன்தான். சம்பளம் மட்டும் ஒன்று.

"யோவ் ஜேபஸ், மேல போயி அந்த வெள்ளரிக்காத் தட்ட எடுத்துட்டு வா."

"எடுத்துட்டு? அந்த மூலைல என்னத்த வைக்க? என் டோப்பாவையா?"

"நாய் விழுந்துருச்சுய்யா. இந்தச் சட்டிலதான் தின்னுச்சு."

ஜேபஸ் எட்டிப் பார்த்தான். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு இன்னொரு தரம் துடைத்துக்கொண்டான்.

"கெசியா, படியேறும்போது நான் ஒண்ணு வாயில போட்டுக்கிட்டேன்."

"ஒண்ணுதானா?"

"பெரிய ஒண்ணு."

"பாலைக் குடி. மேல யாராச்சும் தொட்டாங்களா? அதச் சொல்லு."

"இன்னும் இல்ல. கார்ஃபீல்ட் அம்மா அதையே பாத்துக்கிட்டு இருக்கு. எடுத்துத் தின்னா தோத்த மாதிரி ஆயிரும்னு தொடாம இருக்கு. அந்தம்மா தொடாம மத்தவங்க எப்பிடித் தொடுவாங்க?" சொல்லிக்கொண்டே வந்தவன் வயிற்றைப் பிடித்தான். "கெசியா, என்னமோ பண்ணுதே."

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் ஓடினான். அவ்வளவுதான்.

ஆக, மேசையில் இருந்த நாலு உயிரும், கெசியாவுக்கான ஒரு நெருப்பும் கார்ஃபீல்ட் அம்மாளின் வீம்பை நம்பி நின்றன. வீம்பு நல்ல பூட்டுதான். ஆனால் பசி அதைத் திறந்துவிடும். கெசியா கையில் அகப்பட்டதை எடுத்தாள். அகப்பட்டது உருக்கிய வெண்ணெய்க் கிண்ணம். அந்த நாட்டில் எந்த அடுக்களையில் கை நீட்டினாலும் அதுதான் அகப்படும். மீனுக்கும் அது, கீரைக்கும் அது. அழுக்கு ஏப்ரனோடு, நெற்றியில் கரியோடு, அவள் ஒருநாளும் மிதிக்காத படியில் ஏறினாள்.

கதவைத் திறந்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது மேசைதான். மாவில் பார்த்த வட்டங்கள் எல்லாம் வெள்ளித்தட்டுகளாக உட்கார்ந்திருந்தன. ஜன்னல் வெயில் சரியாகப் பச்சை மூலையில் விழுந்து, வெள்ளரிக்காய் மரகதம் மாதிரி ஜொலித்தது. கார்ஃபீல்ட் அம்மாளின் முள்கரண்டி அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பூட்டு திறந்துவிட்டது.

கெசியா நேராகப் பச்சை மூலைக்கு நடந்தாள். போய் நின்று வெண்ணெய் முழுவதையும் வெள்ளரிக்காய் மேல் கவிழ்த்தாள். வினிகரும் வெண்ணெயும் சேர்ந்து, பார்க்கவே குமட்டியது. அவள் நினைத்ததும் அதுதான்.

வக்கீல் தன் ஒயின் கோப்பைக்குள் பார்த்தார். சாட்சியாகிவிடக் கூடாது என்று தொழில் தெரிந்தவர் பார்க்கிற பார்வை அது. பிளிம்மர் அம்மாளின் உதட்டில் புன்னகை அப்படியே உறைந்துபோயிருந்தது. ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை.

"இது புது மாதிரி," என்றாள். "பாரிசுல இப்ப இப்படித்தான் பரிமாறுறாங்களாம்."

"பாரிசுலயா?" கார்ஃபீல்ட் அம்மாளின் கண்கள் விரிந்தன. "அப்ப ருசி பாக்காம எப்படி விடுறது?"

உடனே எல்லாருக்கும் வேண்டியிருந்தது. நாலு முள்கரண்டிகள் அந்த மூலைக்கு நீண்டன. இன்னொரு விருந்தாளியான பாதிரியாரின் தங்கை, வெண்ணெய் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றாள்.

"அம்மா, வேண்டாம்," என்றாள் கெசியா.

"கெசியா, கீழ போ."

வெண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளரிப்பிஞ்சு கார்ஃபீல்ட் அம்மாளின் வாயை நோக்கிப் போயிற்று. கெசியா அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பட்டுக்கையுறையில் கரியும் வாத்துக் கொழுப்பும் அச்சாகப் பதிந்தன.

"பித்தளைல ஊறவெச்சதுங்கம்மா. களிம்பு ஏறியிருக்கு. கீழ நாய் செத்துக்கிட்டிருக்கு."

"குடிச்சிருக்கா," என்றாள் பிளிம்மர் அம்மாள். "திருநாள்னா இவங்களுக்கு இதே வேலை. கைய விடுடி."

கெசியா விடவில்லை. விட்டால் அந்தக் கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், கார்ஃபீல்ட் அம்மாளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் பித்தளைல வெச்ச?"

"ராத்திரி பூரா. செப்புக்காசு போட்டு."

கார்ஃபீல்ட் அம்மாளின் முகத்தில் பவுடருக்கு அடியிலிருந்த நிறம் எங்கேயோ போயிற்று. வெள்ளரிப்பிஞ்சு நழுவிப் பன்றித்தொடைத் தட்டில் விழுந்தது.

"எங்க வீட்டுல ரெண்டு ராத்திரி," என்றாள்.

ஆகஸ்டில் அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள் அந்த மேசையில் இருந்தார்கள். பாதிரியாரின் தங்கை கரண்டியை வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்தாள். ஓரிரு மாதமாகத் தன்னைப் பிசைந்துகொண்டிருந்தது பாவ உணர்ச்சி என்று அவள் நினைத்திருந்தாளாம்.

கெசியா பச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

யாரும் சாகவில்லை. ஜேபஸ் அன்று முழுவதும் கொல்லையிலேயே குடியிருந்தான். அதற்கப்புறம் திருடித் தின்பதற்கு முன்னால் முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டான். நிம்ரோத் இரண்டு நாள் சாம்பலோரம் கிடந்துவிட்டு எழுந்தது. ஆனால் சக்கரக்கூண்டைக் காட்டினால் போதும், உறுமியது. வாத்து, கருகிய பக்கம் கீழே இருக்கும்படி மேசை ஏறியது.

மறுநாள் வக்கீல் பிளிம்மர் சட்டப்படி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். யாரும் சாகாததால் குற்றம் என்று எதுவும் நடக்கவில்லை. குற்றம் நடக்காததால் அதைத் தடுத்ததாகவும் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அப்படியானால் நடந்ததுதான் என்ன? சமையல்காரி ஏப்ரனோடு சாப்பாட்டு அறைக்குள் வந்தாள், விருந்தாளியின் கையைப் பிடித்தாள், ஒரு பந்தி முழுக்க மேசையின் ஒரு மூலையைக் காலியாக விட்டாள். அதற்காக வேலை போயிற்று. நற்சான்று கேட்டதற்கு, "நாயை வேணா கூட்டிட்டுப் போ. அதுவும் உன்ன மாதிரி ஆயிருச்சு," என்றாள் பிளிம்மர் அம்மாள்.

அக்டோபரில் ஆள் எடுக்கும் சந்தை கூடியது. பண்ணையாட்கள், பால்காரிகள் நடுவே கெசியா தன் தொழிலுக்கு அடையாளமாக மரக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் நிம்ரோத். வந்த அம்மாள்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஊறுகா பச்சையா வருமா?"

"வரும். நான் வரவெக்க மாட்டேன்."

அவர்கள் அடுத்த கரண்டிக்காரியிடம் போனார்கள். வெயில் சாயும் நேரத்தில் ஒரு விவசாயியின் பெண்டாட்டி வந்தாள். ஏழு பிள்ளைகளின் தாய். நிற்க நேரமில்லாதவள்.

"ஊறுகா என்ன நெறத்துல இருக்கும் உன் கையில?"

"பழுப்பா, சேறு மாதிரி."

அவள் நாயை ஒரு தரம் பார்த்தாள்.

"நாங்க மெதடிஸ்ட்," என்றாள். "ஏறு வண்டில. நாயையும் தூக்கிப் போடு."